ஒற்றைக்கோட்டுப் படமும் மூன்று ஃபியூஸ்களும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். அதிலும் நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள். அதனால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சம்பவம். அதுவும் நான் ஜெயித்த கதை இல்லை, நான் எழுதிய ஒரு தப்பான வரியின் கதை.

நம் பிழைப்பு என்னவென்று உங்களுக்குத் தெரியும். மின்கம்பியிலும் கேபிளிலும் ஒரு சுவிட்சைப் போடும்போதோ எடுக்கும்போதோ, பக்கத்தில் இடி விழும்போதோ, மின்னழுத்தம் ஒரு நொடிக்குள் துள்ளிக் குதித்து அடங்குகிறது. அந்தத் துள்ளலைக் கணினியில் முன்கூட்டியே செய்து பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்கிறோம். எலப்புள்ளியில் நெல்லும் தென்னையும் வைத்திருந்த என் அப்பாவுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "கரண்டு ஆபீசுல இருக்குதுங்க" என்றுதான் அவர் கடைசிவரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் மின்சாரம் நின்றால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். கஞ்சிக்கோட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து வளைகோடு வரைந்துகொண்டிருந்த எனக்கு அந்தத் திட்டு ஒன்றுதான் வேலை நடக்கும் தளத்திலிருந்து நேரடியாக வரும் தகவல்.

தளத்துக்கு நான் போவதில்லை. இதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும், ஆனால் வெட்கம் அவ்வளவாக வரவில்லை. எனக்கு மலைப்பாதை ஆகாது. மூன்றாவது வளைவில் வயிறு புரளும், ஐந்தாவது வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்வேன். மூணாறு பக்கத்து வேலை எது வந்தாலும், படங்களையும் அளவுகளையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள் என்று எழுதிவிடுவேன். அவர்களும் அனுப்புவார்கள். படத்தில் மலை கிடையாது, வளைவு கிடையாது. எல்லாம் நேர்கோடு.

அப்படி வந்ததுதான் மூணாறுக்கு அப்பால் இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வேலை.

எஸ்டேட்டுக்குச் சொந்தமான கம்பிவழியாகத் தொழிற்சாலைக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலம் தோறும் மரம் விழுந்து கம்பி அறுந்துகொண்டே இருந்ததால், கடைசித் துண்டைக் கழற்றிவிட்டு மண்ணுக்குள் கேபிள் போட்டார்கள். மேட்டில் ஒரு கம்பம், அதில் மூன்று ஃபியூஸ்கள், அங்கிருந்து கேபிள் தேயிலைச் சரிவுக்குள் இறங்கித் தொழிற்சாலையின் டிரான்ஸ்பார்மரில் முடிகிறது. கேபிளின் முனையை உரித்து, அடுக்கடுக்காகக் காப்புச் சுற்றி, டிரான்ஸ்பார்மரில் சேர்த்துக் கட்டுவது நுணுக்கமான கைவேலை. அதைச் செய்தவர் செல்லத்துரை. மூணாறிலிருந்து சாந்தன்பாறை வரைக்கும் எந்த எஸ்டேட்டில் கேபிள் போட்டாலும் முனை கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குப் பிறந்து, எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்து, தானாகவே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவர்.

கேபிள் போட்டுத் திறப்பு விழாவெல்லாம் நடத்தினார்கள். நன்றாகத்தான் ஓடியது. பிறகு பராமரிப்புக்காக ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்தபோது, செல்லத்துரை கட்டிய முனை வெடித்தது. அவர் வந்து பழையதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். மின்சாரம் கொடுத்ததுமே அதுவும் வெடித்தது. கேபிள் கம்பெனி எங்கள் கேபிளில் கோளாறு இல்லை என்றது. டிரான்ஸ்பார்மர் கம்பெனியும் அப்படியே சொன்னது. யார் மேல் குற்றம் என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு நம் அலுவலகத்துக்கு வந்து, என் மேசையில் விழுந்தது.

நான் கணினியில் மாதிரியைக் கட்டினேன். அவர்கள் அனுப்பியிருந்த ஒற்றைக்கோட்டுப் படம் சுத்தமாக இருந்தது. மூன்று கம்பிகளையும் ஒரே கோடாக வரைகிற வழக்கமான படம். ஒரு கோடு, நடுவில் ஒரு ஃபியூஸ், பிறகு கேபிள், பிறகு டிரான்ஸ்பார்மர். நானும் நடுவில் ஒரு சுவிட்சை வைத்து, மூடு என்று கணினிக்குச் சொன்னேன். மின்னழுத்தம் கொஞ்சம் துள்ளிவிட்டுச் சாதுவாக அடங்கியது. நூறு விதமாக மாற்றிப் பார்த்தேன், அந்த முனையை வெடிக்கவைக்க என்னால் முடியவில்லை.

செல்லத்துரையிடம் போனில் பேசவும் பேசினேன். அந்த அளவுக்கு நான் நியாயமானவள்தான்.

"மேடம், ஒரு விசயம் சொல்லட்டுமா?" என்றார். "வெடிக்கதுக்கு முன்னால டிரான்ஸ்பார்மர் கெடந்து கத்துச்சு. ரெண்டு தடவையும் கத்துச்சு."

"எவ்வளவு நேரமுங்க? எந்த ஃபேஸ் பக்கம்?"

"அது தெரியல மேடம். ஆனா மாடு மாதிரி கத்துச்சு."

மாட்டுச் சத்தத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? குறிப்பேட்டில் "சத்தம்" என்று எழுதி, பிறகு அதை அடித்தேன். அறிக்கையில் இப்படி எழுதினேன்: மின்னழுத்தத் துள்ளல் பாதுகாப்பான அளவுக்குள் இருக்கிறது, வேறு காரணம் தென்படாததால், பழுதுக்குக் காரணம் முனை கட்டியதில் உள்ள கைவேலைக் குறைபாடே. கீழே கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் மசால் தோசை சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஒரு வரி மலையில் என்ன செய்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. எஸ்டேட் அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். அறிக்கையின் நகல் இரண்டு மூன்று எஸ்டேட்டுகளுக்குப் போய்விட்டது. செல்லத்துரைக்குச் சொல்லிவைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாக, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போயின. அவர் மன்றாடியதால், முனையை இன்னொரு முறை கட்டித் தர அந்தத் தொழிற்சாலை ஒப்புக்கொண்டது. இதுவும் வெடித்தால் இனி இந்தப் பக்கத்தில் யாரும் அவரைக் கூப்பிடப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் அவர் நம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் சாப்பிடப் போயிருந்தேன். போனை எடுத்தது எங்கள் தலைவர். கல்பாத்தித் தெருக்காரர், வெற்றிலைப் பெட்டியோடு சிமுலேஷன் அறைக்குள் வரும் ஒரே மனிதர். பெயரைச் சொன்னால் மேலே இருந்து கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். நான் திரும்பி வந்ததும் கூப்பிட்டார்.

"அந்த மூணாறுக்காரன் கூப்பிட்டிருந்தான். சண்டைக்கு ஒண்ணும் வரலை. 'நான் பண்ணின தப்பு என்னன்னு மேடத்தக் காட்டித் தரச் சொல்லுங்கோ, திருத்திக்கறேன்'னு கேட்டான். என்ன தப்பு பண்ணினான்?"

"கைவேலைல ஏதோ குறைபாடுங்க சார்."

"ஏதோன்னா? கத்தி ஆழமாப் பட்டுதா? காத்து புகுந்துதா? அழுக்கா?"

வெடித்த முனை கரிக்கட்டையாகத்தான் மிஞ்சியிருந்தது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்றேன்.

"என்ன தப்புன்னு சொல்லத் தெரியாதவ தப்புன்னு எப்படி எழுதினே? உனக்குத் தெரியலைங்கறதை அவன் தலையிலயாக்கும் எழுதி வெச்சிருக்கே. நாளைக்கு அவன் மூணாவது தடவை கட்டி கரண்ட் விடறான். போய்ப் பாத்துட்டு வா."

"சார், எனக்கு மலை ஆகாதுங்க."

"எலுமிச்சம்பழம் வாங்கிக்கோ" என்றார்.

எலுமிச்சம்பழத்தால் பிரயோஜனமில்லை என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு, பயணத்தைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் விடுகிறேன். ஜீப்பிலிருந்து இறங்கியபோது நான் நின்ற கோலத்தைப் பார்த்துத் தொழிற்சாலையின் டீமேக்கர், அதாவது அங்கே தூள் தயாரிப்புக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி, நாற்காலி போடச் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு தம்ளர் பால் விடாத கட்டன் சாயாவும் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான மனிதர்.

"உப்புப் போட்டுருக்கு மேடம். வயித்தப் பொரட்டுறதுக்கு நல்லது. நாந்தான் செல்லத்துரை."

அவர் பிழைப்பைக் கெடுத்தவளுக்கு உப்புப் போட்ட சாயா. குடித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அன்றைக்கு அங்கே எல்லோருக்கும் அவசரம். காலையில் பறித்த கொழுந்தும் முந்திய நாள் கொழுந்தும் வாட்டும் தட்டுகளில் குவிந்திருந்தன. ஜெனரேட்டர் பாதி எந்திரங்களுக்குத்தான் தாங்கும். நேரம் போகப்போக இலை புளித்துப்போகும் என்று டீமேக்கர் புலம்பிக்கொண்டிருந்தார். முனை கட்டி முடிந்திருந்தது. மேட்டுக் கம்பத்தடியில் எலக்ட்ரீஷியன் முத்தையா, நீளமான ஃபியூஸ் கம்போடு தயாராக நின்றார். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் பெரியவர், ஒரு காரியத்தையும் அவசரப்பட்டுச் செய்யாத மனிதர்.

"உள்ள எல்லா லோடும் ஆஃபா?" என்று கத்தினார் முத்தையா.

"ஆஃபு அண்ணாச்சி! மெயினும் ஆஃபு!"

எதற்காக அப்படி என்று டீமேக்கரைக் கேட்டேன். இங்கே எப்போதோ ஒரு முறை, மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் ஒரு பெரிய மோட்டார் எரிந்துபோயிருக்கிறது. அன்றிலிருந்து, டிரான்ஸ்பார்மரில் ஒரு பல்புகூட எரியாதபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் மின்சாரம் விடுவார்களாம். நல்ல பழக்கம் என்று பாராட்டினேன்.

முத்தையா கம்பைத் தூக்கி முதல் ஃபியூஸை மாட்டினார். மாட்டிவிட்டு, கம்பை இறக்கி ஊன்றிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்டார்.

"ஒண்ணு போட்டா கொஞ்சம் நிப்பாரு மேடம்" என்றார் டீமேக்கர். "சரியா பிடிச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. அண்ணாச்சி ரொம்பக் கவனம்."

அப்போதுதான் டிரான்ஸ்பார்மர் கத்த ஆரம்பித்தது.

எத்தனையோ வருடங்களாக இந்தத் தொழிலில் இருந்தும் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. முதலில் ஒரு உறுமல். பிறகு அது கரகரத்து, ஏறி இறங்கி, தகரக் கூரை அதிரும் அளவுக்கு வந்தது. மாடு என்று செல்லத்துரை சொன்னது அப்பட்டமான உண்மை. அவரோ டிரான்ஸ்பார்மரின் வேலிக்கு வெளியே, தான் கட்டிய முனைக்கு எதிரே நின்றுகொண்டு, என்னைப் பார்த்துக் கூவினார்.

"இதான் மேடம்! இந்தச் சத்தந்தான்!"

மேட்டிலிருந்து முத்தையா, "அடுத்ததப் போடவா? எடுக்கவா?" என்று கேட்டார். டீமேக்கர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த நொடியில் காரணம் தெரியாது. மாதிரி இல்லை, வளைகோடு இல்லை, யோசிக்க நேரமும் இல்லை. தெரிந்தது ஒன்றுதான். முதல் ஃபியூஸ் மாட்டும்வரை அந்தச் சத்தம் இல்லை, மாட்டிய பிறகுதான் வந்தது. கடைசியாகச் செய்ததைத் திரும்ப எடுத்துவிட வேண்டும், காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

"எடுங்க! எடுத்துப்போடுங்க! செல்லத்துரை, தள்ளி வாங்க!" என்று நான் கத்தியது அடுத்த எஸ்டேட்டுக்கே கேட்டிருக்கும். முத்தையா கம்பைத் தூக்கி ஃபியூஸை இழுத்தார். சத்தம் பட்டென்று நின்றது. முனை வெடிக்கவில்லை.

டீமேக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார். "முனை மறுபடியும் போச்சு. நீங்க எழுதுனது சரிதான் மேடம். முனை கெட்டா டிரான்ஸ்பார்மர் கத்தும்னு அண்ணாச்சியும் அப்பவே சொன்னாரு."

பாருங்கள், இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால் என் அறிக்கைக்கு ஒரு புதிய சாட்சியே கிடைத்திருக்கும். எனக்கு அந்த ஆசை ஒரு கணம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் செல்லத்துரை அதற்குள் காப்பைச் சோதிக்கும் கருவியான மெக்கரை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போய்விட்டார். கேபிளில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை முறைப்படி மண்ணுக்கு இறக்கிவிட்டு, முனையில் மெக்கரை மாட்டிச் சுற்றினார். காப்பு நன்றாக இருந்தால் முள் உச்சிக்குப் போக வேண்டும். உச்சிக்குப் போய் அசையாமல் நின்றது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"முனை நல்லாத்தான் இருக்கு மேடம். பெறகு ஏன் கத்துது?"

முனை நன்றாக இருக்கும்போதே கத்தியது என்றால், முனை கெட்டதால் கத்தவில்லை. அப்படிக் கத்தவைத்த ஏதோ ஒன்றுதான் முன்பு இரண்டு முனைகளையும் கெடுத்திருக்கிறது. இதை அறிய ஒரு பட்டம் தேவையில்லை, ஒரு மெக்கரும் கொஞ்சம் நேர்மையும் போதும்.

"இன்னொரு தடவ போட்டுப் பாத்திரலாமா?" என்றார் டீமேக்கர். அவருக்கு இலை புளித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாமுங்க. அரை மணி நேரம் கொடுங்க. எனக்கு ஒரு மேசை வேணும்."

அவர் அறையில், தேயிலை மாதிரிகள் வைக்கும் கிண்ணங்களைத் தள்ளி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். என் மாதிரியில் இருந்த சுவிட்சைப் பார்த்தேன். ஒற்றைக்கோட்டுப் படத்தில் ஒரு ஃபியூஸ் இருந்தது, நானும் ஒரு சுவிட்ச் வைத்தேன். மூன்று கம்பியையும் அது ஒரே கணத்தில் மூடும். ஆனால் மேட்டில் இருந்தவை மூன்று ஃபியூஸ்கள், கையில் இருந்தது ஒரு கம்பு, மாட்டுகிறவர் ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று காதுகொடுத்துக் கேட்கிற மனிதர். அந்த ஒரு சுவிட்சை நீக்கிவிட்டு மூன்று சுவிட்சுகள் வைத்தேன். டிரான்ஸ்பார்மரில் லோடு எதுவும் இல்லை என்று கொடுத்தேன். முதல் சுவிட்சை மட்டும் மூடினேன்.

திரையில் வளைகோடு வெறிபிடித்து ஆடியது. இதற்கு ஃபெரோரெசொனன்ஸ் என்று பெயர், நீங்கள் தேர்வில் எழுதியிருப்பீர்கள். நானும்தான் எழுதியிருந்தேன். ஒரு கம்பியில் மட்டும் மின்சாரம் வந்தால், அது டிரான்ஸ்பார்மரின் சுருள்வழியாக கேபிளின் மற்ற இரண்டு கம்பிகளுக்குள் புகுந்து, சுருளும் கேபிளும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். லோடு ஏதாவது இருந்தால் அது அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். இங்கேதான் மோட்டாரைக் காப்பாற்ற எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தார்களே. மேலே கம்பி ஓடிய காலத்தில் இந்தப் பழக்கங்களால் ஒரு கெடுதலும் இல்லை. கேபிள் வந்த பிறகு, அணைத்து வைக்கிற ஜாக்கிரதையும், ஒவ்வொன்றாக மாட்டுகிற நிதானமும் சேர்ந்துதான் முனையை வெடிக்க வைத்தன. திறப்பு விழா அன்று தப்பித்ததற்கும் காரணம் கிடைத்தது. விருந்தாளிகளுக்காகத் தொழிற்சாலை விளக்குகளையெல்லாம் அன்று போட்டே வைத்திருந்தார்களாம்.

இப்போது மின்சாரம் கொடுக்க வேண்டுமே. மூன்றையும் ஒரே நேரத்தில் போட வழி இருக்கிறதா என்று முத்தையாவைக் கேட்டேன். மேலே, எஸ்டேட் கம்பி தொடங்கும் இடத்தில், ஒரே கைப்பிடியில் மூன்றையும் மூடும் ஏ.பி. சுவிட்ச் இருக்கிறது என்றார். அப்படியானால் அதைத் திறந்துவிட்டு, உயிரில்லாத கம்பியில் மூன்று ஃபியூஸையும் நிதானமாக மாட்டிவிட்டு, உள்ளே விளக்குகளைப் போட்டு வைத்து, பிறகு மேலே கைப்பிடியை ஒரே இழுப்பில் மூடலாம்.

"அதத் தெறந்தா எஸ்டேட் முழுக்க கரண்டு போயிரும் மேடம்" என்றார் டீமேக்கர். "மேனேஜர் பங்களாவுலயும் போயிரும். அவரு சத்தம் போடுவாரு."

"என் பேரச் சொல்லுங்க. டிரான்ஸ்பார்மர் சத்தத்தையே கேட்டாச்சு, அவருதையும் கேட்டுக்கறேன்."

முத்தையா மேலே போய்த் திறந்தார். இறங்கி வந்து மூன்றையும் மாட்டினார். மறுபடி மேலே போனார். யாருக்காகவும் அவர் நடையை வேகப்படுத்தவில்லை. நாங்கள் வேலிக்கு வெளியே, இந்த முறை நன்றாகத் தள்ளி, நின்றோம். செல்லத்துரை கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். விளக்குகள் எரிந்தன. டிரான்ஸ்பார்மர் எப்போதும் போல மெல்ல ரீங்கரித்தது. வாட்டும் தட்டுகளின் விசிறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்ததும் உள்ளே இருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

டீமேக்கர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார்: "புதுசா ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருங்க மேடம். இப்படி இப்படிச் செய்யணும்னு. பழசப் பத்தி எதுக்கு எழுதணும்? அது அப்படியே மறந்துரும்."

எனக்கு வசதியான யோசனைதான். என் கையெழுத்துப் போட்ட எந்த அறிக்கையும் அதுவரை தப்பாகப் போனதில்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். புதிய அறிக்கையில் புதிய செயல்முறையை எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. சற்றுத் தள்ளி, செல்லத்துரை கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே இடுக்கியை எவ்வளவு நேரம் துடைப்பது? நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்டது.

டீமேக்கர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் செல்லத்துரையைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். என் முந்தைய அறிக்கை தவறானது. பழுதுக்குக் காரணம் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக மாட்டும் முறை. முனை கட்டிய வேலையில் எந்தக் குறைபாடும் இல்லை. அந்த அறிக்கையின் நகல் போன எல்லா எஸ்டேட்டுகளுக்கும் இதுவும் போக வேண்டும்.

அவர் யோசித்தார். "மேடம், வேலைனு எழுதுனா இன்னைக்குக் கட்டுனது மட்டும்னு நெனைப்பாக. முத ரெண்டும்?"

"மூன்று முறை கட்டிய வேலையிலும்" என்று திருத்தினேன். அப்படியும் அவர் நகரவில்லை.

"ஒரு உதவி மேடம். எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. நாஞ் சொன்னா சமாதானத்துக்குச் சொல்லுதேன்னு நெனைப்பா."

போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பியிருந்த நேரம். அந்த அம்மாளின் பெயர் பேச்சியம்மாள்.

"ஆரு, அந்த ரிப்போட்டு எழுதுன மேடமா? நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேனுங்க."

"இருங்க, நல்லா இருங்க. இங்கன ரெண்டு மாசமா ஒரு மனுசன் நல்லா இல்ல. சோறு திங்க உக்காந்தா கையத் திருப்பித் திருப்பிப் பாக்காரு. கைல என்னன்னு கேட்டா, கைலதான் கோளாறுன்னு இங்கிலீசுல எழுதிருக்காக, எனக்கே எங் கைமேல நம்பிக்க போச்சுங்காரு. என்ன கோளாறுன்னு கேட்டா, அது எழுதலையாம். என்ன கோளாறுன்னு தெரியாமலே கோளாறுன்னு எழுத ஒரு படிப்பு இருக்காக்கும்?"

எங்கள் தலைவரும் இதையேதான் கேட்டிருந்தார். ஆனால் அவர் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, இந்த அம்மாள் கேட்டபோது அழுகை வந்தது. ஒரு வரி, ஒரு மனிதனைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தன் கையையே சந்தேகப்பட வைத்திருக்கிறது. அதை எழுதிய அன்று நான் மசால் தோசை தின்றிருக்கிறேன். நீங்கள் எத்தனை மாதிரிகள் கட்டினாலும் சரி, உங்கள் கணினிக்குத் தெரியாத ஒன்றுக்கு ஒரு ஆளின் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். யாரும் நம் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள்.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். "மாத்தி எழுதிட்டேனுங்க."

"என்ன எழுதிருக்கீக? படிங்க."

படித்தேன்.

"இருங்க மேடம், ஸ்பீக்கர்ல போடுதேன். ஏலா, எல்லாரும் வாங்க இங்க! அன்னைக்கி அவரு கைலதான் கோளாறுன்னு எல்லாருந்தான கேட்டீக? இன்னைக்கும் கேளுங்க. மேடம், இப்பப் படிங்க. மெதுவாப் படிங்க."

எத்தனையோ கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் சாப்பாட்டு மணியைப் பார்ப்பார்கள். லயத்து வாசலில் நின்று அன்று கேட்டவர்களைப்போல யாரும் என் அறிக்கையைக் கேட்டதில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மூன்று முறை கட்டிய வேலையிலும் எந்தக் குறைபாடும் இல்லை என்று வந்தபோது, "அதத் திரும்பப் படிங்க" என்றார் பேச்சியம்மாள். திரும்பப் படித்தேன்.

முடித்ததும், கூட்டத்திலிருந்து ஒரு முதியவரின் குரல் கேட்டது. "அப்பக் கோளாறு எதுலதாம்மா இருந்துச்சு?"

"என் கணக்குலங்க" என்றேன்.

அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பக்கம் செல்லத்துரையும் சிரித்தார். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தள்ளிப்போன வேலை விஷயமாகச் சாந்தன்பாறைக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று சொல்லி, என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.